பாலம் பக்கவாட்டில் ஆடினால்? பழைய பாலங்கள், நிலநடுக்கம், நம்ம வைகை

(எபிசோடின் எடிட் செய்த எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

மதுரை கே.கே. நகர்ல இருந்து பேசுறேன். இன்னைக்கு நிலநடுக்கமும் நெடுஞ்சாலைப் பாலங்களும். தலைப்பைப் பார்த்ததும் "மதுரைக்கும் நிலநடுக்கத்துக்கும் என்னப்பா சம்பந்தம், இங்க வெயில்லதான் எல்லாம் நடுங்குது"ன்னு நினைச்சீங்கன்னா, அது நியாயமான சந்தேகம். முதல்ல அதையே எடுத்துக்கலாம்.

இந்தியாவில் நிலநடுக்கத்தைத் தாங்குற மாதிரி கட்டுறதுக்கான அடிப்படை விதி ஐ.எஸ். 1893. முதல் பதிப்பு 1962-ல வந்தது. அதோட 2016 பதிப்பில் நாட்டை நாலு மண்டலமா பிரிச்சிருக்காங்க: 2, 3, 4, 5. எண் கூடக் கூட ஆபத்து கூடும். ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு எண் மதிப்பு உண்டு. மண்டலம் 2-க்கு 0.10, மண்டலம் 5-க்கு 0.36. மதுரை மண்டலம் 2. சென்னையும் கோயம்புத்தூரும் மண்டலம் 3. அந்தமான், கட்ச் எல்லாம் மண்டலம் 5. அதாவது நாம இருக்கிறது ரொம்பக் குறைந்த ஆபத்துள்ள பட்டியலில்.

சரி, அப்போ எபிசோடை இங்கேயே முடிச்சிடலாமா? முடியாது. ரெண்டு காரணம்.

முதல் காரணம், லாத்தூர். 1993 செப்டம்பர் 30, விடியற்காலை. மகாராஷ்டிராவின் லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்கள்ல ஆயிரக்கணக்கான பேர் தூக்கத்துலயே இறந்தாங்க. அந்தப் பகுதி அன்னைக்கு இருந்த வரைபடத்தில் எந்த மண்டலம் தெரியுமா? மண்டலம் 1. இருக்கிறதுலயே பாதுகாப்பானதுன்னு குறிச்ச இடம். அதுக்கு அப்புறம் 2002-ல வரைபடத்தைத் திருத்தினப்போ மண்டலம் 1-ங்கிறதையே எடுத்துட்டாங்க. அதே திருத்தத்துலதான் சென்னை 2-ல இருந்து 3-க்குப் போச்சு. தரை மாறலை, நம்ம புரிதல் மாறிச்சு. இதுக்கு அர்த்தம் மதுரையில நாளைக்கே நிலநடுக்கம் வரும்னு இல்ல. "குறைவு"ன்னா "பூஜ்யம்" இல்லங்கிறது மட்டும்தான்.

ரெண்டாவது காரணம், நம்ம ஊரோட அமைப்பு. அரசு ராஜாஜி மருத்துவமனை வைகைக்கு வடகரையில, கோரிப்பாளையம் பக்கத்துல இருக்கு. கே.கே. நகர்ல இருக்கிற எனக்கு அது ஒரு ஷேர் ஆட்டோ தூரம். ஆனா வில்லாபுரத்துலயோ மஹால் ஏரியாவுலயோ ஒருத்தருக்கு நெஞ்சு வலின்னா, 108 வண்டி வைகையைத் தாண்டித்தான் பெரியாஸ்பத்திரிக்கு வரணும். தாண்டுறதுன்னா பாலம். ஒரு வீடு விழுந்தா அந்த வீட்டுல இருக்கிறவங்களுக்கு ஆபத்து. ஒரு பாலம் விழுந்தா, வீடு விழுந்த எல்லாருக்கும் உதவி வர்ற வழி அடைபடும். அதனாலதான் பொறியாளர்கள் பாலங்களை "லைஃப்லைன்"னு தனியா பிரிச்சு வைக்கிறாங்க.

பாலம் உண்மையில் எப்படி உட்கார்ந்திருக்கு?

நம்மில் நிறைய பேர் பாலம்னா ஒரே துண்டுன்னு நினைச்சுட்டு இருக்கோம். சாதாரண கான்கிரீட் பாலத்தைக் கீழே இருந்து பாருங்க. அடியில அஸ்திவாரம், அதுக்கு மேல தூண், தூணுக்கு மேல தொப்பி மாதிரி ஒரு பட்டை. அந்தப் பட்டை மேல சின்னதா ரப்பர் பட்டையோ இரும்பு உருளையோ இருக்கும், அதுதான் பேரிங். அந்தப் பேரிங் மேலதான் உத்திரங்கள் உட்கார்ந்திருக்கும். உத்திரத்துக்கு மேல நாம வண்டி ஓட்டுற தளம்.

கவனிக்க வேண்டிய வார்த்தை "உட்கார்ந்திருக்கும்". ஒட்டியிருக்காது. ஏன்னா வெயில்ல கான்கிரீட் நீளும், ராத்திரி சுருங்கும். நம்ம ஊர் சித்திரை வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். அந்த அசைவுக்கு இடம் கொடுக்கத்தான் பேரிங், அதுக்காகத்தான் வண்டியில போகும்போது "டக் டக்"னு சத்தம் வர்ற அந்த இணைப்பு இடைவெளி.

பாலத்தோட எடை, லாரி எடை எல்லாமே கீழ்நோக்கி அழுத்துறது. அதுக்கு இந்த அமைப்பு அருமையா வேலை செய்யும். நிலநடுக்கம் பக்கவாட்டுல இழுக்கும். ஒரு மேசை மேல பலகையை வெச்சுட்டு மேசையை வேகமா முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்க. பலகை உடையாது, நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்து விழும். பல பாலங்கள் விழுந்தது இப்படித்தான். கான்கிரீட்டுக்குப் பலம் இல்லாம இல்ல, உட்கார இடம் பத்தாம.

அந்தமானில் வந்த எச்சரிக்கை

இதுக்கு நம்ம நாட்டுல நடந்த தெளிவான உதாரணம், அந்தமானில் இருக்கிற செங்கப்பா பாலம். நடு அந்தமானையும் வடக்கு அந்தமானையும் இணைக்கிறது. ஆஸ்டின் ஜலசந்தி மேல 268 மீட்டர் நீளம். அந்தமான் ட்ரங்க் ரோடு அது வழியாத்தான் போகுது.

2002 செப்டம்பர் 14 அன்னைக்கு டிக்லிபூர் பக்கத்துல 6.5 அளவுல ஒரு நிலநடுக்கம். அப்போ அது புத்தம்புதுப் பாலம். கான்பூர் ஐ.ஐ.டி.யில இருந்து துர்கேஷ் ராய், சி.வி.ஆர். மூர்த்தி போன்ற பொறியாளர்கள் போய்ப் பார்த்தாங்க. பாலம் விழலை. ஆனா உத்திரங்கள் வெறும் ரப்பர் பட்டை மேல எந்தத் தடுப்பும் இல்லாம இருக்கு, உட்கார இடமும் போதாது, பெரிய நிலநடுக்கம் வந்தா நகர்ந்திடும்னு எச்சரிச்சாங்க.

நம்ம பாஷையில சொன்னா, டிக்கெட் போட்டாச்சு. எந்த இடத்துல பிழை, எப்போ வெளிப்படும், எல்லாம் எழுதியாச்சு.

2004 டிசம்பர் 26. சுனாமியைக் கொண்டுவந்த அதே நிலநடுக்கம். பாலத்தோட நடுவுல இருக்கிற மூணு கண்களின் தளம் பேரிங்கை விட்டு இறங்கிடுச்சு. பக்கவாட்டுல ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் நகர்ந்திருந்தது. தூண் நின்னுச்சு, உத்திரம் முறியலை. நகரக் கூடாத ஒன்னு நகர்ந்திடுச்சு, அவ்வளவுதான். நிவாரணப் பொருள் போக வேண்டிய நேரத்துல, போக வேண்டிய சாலையே கேள்விக்குறியா நின்னுச்சு.

இதுல ரெண்டு விஷயம். ஒன்னு, பழைய பாலம் மட்டும்தான் ஆபத்துன்னு இல்ல. வயசை விட முக்கியம், பாலம் எந்த விதிப்படி, எந்த மாதிரி விவரங்களோட கட்டப்பட்டதுங்கிறது. இன்னொன்னு, இந்த நோய்க்கான மருந்து விலை உயர்ந்தது இல்ல. தூண் தொப்பியில உத்திரத்துக்கு ரெண்டு பக்கமும் கான்கிரீட்டில் தடுப்புக் கட்டை வெச்சா பக்கவாட்டு நகர்வு நிக்கும். தொப்பியை அகலப்படுத்தினா உட்கார இடம் கூடும். பாலத்தை இடிச்சுக் கட்டுற செலவோட ஒப்பிட்டா இது ரொம்பச் சின்னது.

ஒன்னைச் சரி செஞ்சா அடுத்தது உடையும்

இந்தத் துறையில உலகத்துக்கே பாடம் எடுத்தது கலிஃபோர்னியா. அந்தப் பாடத்துக்கு அவங்க கொடுத்த விலை பெருசு.

1971 சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கத்துல நெடுஞ்சாலைப் பாலங்கள் விழுந்தது. தளங்கள் இணைப்புல பிரிஞ்சு விழுந்ததைப் பார்த்துட்டு, பழைய பாலங்களோட இணைப்புகளை இரும்புக் கேபிளால கட்டுற வேலையைத் தொடங்கினாங்க. ஓக்லாந்தில் இருந்த சைப்ரஸ் மேம்பாலத்துக்கும் 1977-ல கேபிள் போட்டாங்க. அது ரெட்டை அடுக்கு மேம்பாலம்.

1989 அக்டோபர் 17, லோமா பிரியேட்டா நிலநடுக்கம். சைப்ரஸ் மேம்பாலத்தோட மேல் அடுக்கு கீழ் அடுக்கு மேல சரிஞ்சது. அங்க மட்டும் 42 பேர் இறந்தாங்க. கேபிள் போட்டதும் உபயோகப்படலை. ஏன்னா பலவீனம் தளத்து இணைப்புல இல்ல, தூணுக்குள்ள இருந்துச்சு. 1950-களில் கட்டின தூண்கள். உள்ளே நீளக் கம்பிகள் இருந்துச்சு, அதைச் சுத்தி இறுக்கிப் பிடிக்கிற ரிங்கு போதுமான அளவுக்கு இல்ல.

ரிங்குன்னு நான் சொல்றது, நம்ம வீடு கட்டும்போது கம்பி கட்டுறவர் தூண் கம்பியைச் சுத்தி வளைச்சுக் கட்டுவாரே, அதுதான். நிலநடுக்கத்துல தூணைக் காப்பாத்துறதுல அதுக்குப் பெரிய பங்கு. கான்கிரீட் நொறுங்கினாலும் சிதறிப் போகாம உள்ளேயே பிடிச்சு வைக்கும். ரிங்கு நெருக்கமா இருந்தா தூண் வளையும், உடையாது. விலகி இருந்தா தூண் பட்டுனு வெடிச்சிடும். இந்தியாவில் இதுக்குன்னு தனி விதி, ஐ.எஸ். 13920, வந்ததே 1993-லதான்.

கோடு எழுதுறவங்களுக்கு இது பழக்கமான கதை. ஒரு சர்வீஸ் மெதுவா இருக்குன்னு அதைச் சரி செஞ்சா, லோடு முழுக்க அடுத்த சர்வீஸ் மேல விழுந்து அது படுத்துடும். பாலத்துலயும் சங்கிலி முழுக்கப் பார்க்கணும்: தளம், பேரிங், தொப்பி, தூண், அஸ்திவாரம், மண்.

1989-க்கு அப்புறம் கலிஃபோர்னியா தூண்களுக்கு இரும்புச் சட்டை போட ஆரம்பிச்சது. 1994 ஜனவரி 17, நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம். 7 பாலங்கள் இடிஞ்சு விழுந்துச்சு. அதுல 5 பாலங்கள் வலுவூட்ட வேண்டிய பட்டியல்ல ஏற்கனவே இருந்தவை, முறை வரலை. புதிய முறைப்படி வலுவூட்டின பாலங்கள் நல்லாத் தாங்கின. என் கணக்கில் இந்த வேலைக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் தேவையில்ல. வரிசையில முன்னாடி இருந்தது நின்னுச்சு. பின்னாடி இருந்தது விழுந்துச்சு.

எப்படிச் சோதிக்கிறாங்க? எப்படி வலுவூட்டுறாங்க?

முதல் கட்டம் சலிப்பது. ஆயிரக்கணக்கான பாலங்களையும் கம்ப்யூட்டர் மாடல் போட்டுப் பார்க்க முடியாது. அதனால ஒவ்வொரு பாலத்துக்கும் மூணு கேள்வி. இந்த இடத்துல எவ்வளவு ஆட்டம் வரலாம்? இந்தப் பாலம் எவ்வளவு பலவீனம்? இது போயிட்டா ஊருக்கு எவ்வளவு நஷ்டம்? மூணுக்கும் மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தணும்.

ரெண்டாவது கட்டம், மேல வந்த பாலங்களை நேர்ல போய்ப் பார்ப்பது. பழைய வரைபடம் கிடைச்சா பெரிய விஷயம். கிடைக்கலைன்னா உள்ள எங்க கம்பி இருக்குன்னு கருவி வெச்சுத் தேடணும். கான்கிரீட்டுக்குள்ள ஒலி அலையை அனுப்பி, அது எவ்வளவு வேகமா போகுதுன்னு பார்த்தா உள்ளே விரிசல், வெற்றிடம் தெரியும். சின்ன உருளையா துளைச்சு எடுத்து லேப்ல நசுக்கிப் பார்ப்பாங்க. கம்பி துருப்பிடிச்சிருக்கான்னு மின்னழுத்தம் வெச்சுக் கண்டுபிடிப்பாங்க. ஆத்துப் பாலம்னா அஸ்திவாரத்தைச் சுத்தி மணல் எவ்வளவு அரிச்சிருக்குன்னும் பார்க்கணும்.

மூணாவது கட்டம்தான் மாடல், கணக்கு. அதுக்கு அப்புறம் சிகிச்சை. தூணுக்குக் கான்கிரீட்டிலோ இரும்பிலோ கார்பன் ஃபைபரிலோ சட்டை. தளங்களைக் கேபிளால இணைக்கிறது. தொப்பியை அகலப்படுத்துறது. தடுப்புக் கட்டை. பழைய பேரிங்கை எடுத்துட்டு, நடுவுல ஈயம் வெச்ச ரப்பர் பேரிங் போடுறது. இந்தக் கடைசி முறை 1970-களில் நியூசிலாந்தில் கண்டுபிடிச்சது. தரை ஆடும்போது ரப்பர் நெளிஞ்சு கொடுக்கும், ஈயம் அந்த ஆற்றலை வெப்பமா மாத்திச் செலவழிக்கும். மேல தளத்துக்கு வர்ற ஆட்டம் குறையும்.

"ரெட்ரோஃபிட்" புது வார்த்தையா தெரியலாம், ஆனா மதுரைக்காரங்களுக்கு இது புதுசு இல்ல. நம்ம வைகைக்குத் தண்ணி கொடுக்கிற முல்லைப்பெரியாறு அணை, பென்னிகுவிக் காலத்துல சுண்ணாம்பும் சுர்க்கியும் வெச்சுக் கட்டி 1895-ல முடிச்சது. 1979-க்கு அப்புறம் அங்க மூணு விதமா வலுவூட்டினாங்க. உச்சியில கான்கிரீட் தொப்பி போட்டாங்க. மேலிருந்து அடிப்பாறை வரைக்கும் துளை போட்டு இரும்புக் கம்பிகளை இறக்கி இழுத்துக் கட்டினாங்க. பின்பக்கம் கான்கிரீட் முட்டுக் கொடுத்தாங்க. பழைய கட்டுமானத்தை இடிக்காம அதோட பலத்தைக் கூட்டுறது எப்படின்னு நம்ம அப்பா தலைமுறை பேப்பர்ல படிச்சு விவாதிச்ச விஷயம் அது.

மதுரைக்கு என்ன தேவை?

இங்கதான் நேர்மையா பேசணும். மண்டலம் 2-ல இருக்கிற ஊர்ல எல்லாப் பாலத்தையும் நிலநடுக்கத்துக்காக மட்டும் வலுவூட்டுங்கன்னு நான் கேட்கலை. அது காசை வீணாக்குறது. நம்ம பக்கம் பாலங்களுக்கு முதல் எதிரி வெள்ளமும் துருவும்தான். 2018 ஆகஸ்ட்ல திருச்சி கொள்ளிடத்துல 1928-ல கட்டின பழைய இரும்புப் பாலம் வெள்ளத்துல தூண் சாய்ஞ்சு இடிஞ்சுது. நல்லவேளை, பக்கத்துல புதுப் பாலம் வந்து, அதுல வண்டிப் போக்குவரத்தை ஏற்கனவே நிறுத்தியிருந்தாங்க. 2016 ஆகஸ்ட் 2 அன்னைக்கு மகாராஷ்டிரா மகாட்ல சாவித்திரி ஆத்துப் பாலத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்ல. பிரிட்டிஷ் காலத்துப் பாலம், ராத்திரி வெள்ளத்துல போச்சு, ரெண்டு அரசுப் பேருந்துகளோட. அதே வருஷம்தான் மத்திய அரசு நாடு முழுக்கப் பாலங்களுக்கு எண் கொடுத்து, நிலையைப் பதிவு செய்ற இந்தியப் பால மேலாண்மை அமைப்பைத் தொடங்குச்சு.

ஆனா இதுல ஒரு விஷயம் பாருங்க. வெள்ளத்துக்கும் நிலநடுக்கத்துக்கும் சோதனை பாதி ஒன்னுதான். அஸ்திவாரத்தைச் சுத்தி மணல் போச்சுன்னா, வெள்ளத்துலயும் ஆபத்து, ஆட்டத்துலயும் ஆபத்து. ஏன்னா தூணைப் பக்கவாட்டுல பிடிச்சு நிக்கிறது அந்த மண்தான். வைகையில மணல் எவ்வளவு எடுத்திருக்காங்கன்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. ரிங்கு துருப்பிடிச்சு மெலிஞ்சா, லாரி எடைக்குத் தூண் நிக்கலாம், ஆட்டத்துக்கு நிக்காது.

அதனால என் வாதம் இதுதான். தனி நிலநடுக்கத் திட்டம் வேண்டாம். வழக்கமான ஆய்வுப் படிவத்துல நிலநடுக்கத்துக்கான கேள்விகளையும் சேருங்க. உட்கார இடம் எவ்வளவு, தடுப்புக் கட்டை இருக்கா, தூண்ல ரிங்கு எப்படி. அப்புறம், பேரிங் மாத்த தளத்தைத் தூக்குற அன்னைக்கே தடுப்புக் கட்டையையும் போட்டுடுங்க. தளத்தைத் தூக்குறதும் போக்குவரத்தை மாத்துறதும்தான் பெரிய செலவு, பெரிய ஆபத்தும் கூட. அந்த வாய்ப்பு பல வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும்.

ஆல்பர்ட் விக்டர் பாலத்தைத் தனியா சொல்லணும். நாம ஏ.வி. பாலம்னு கூப்பிடுறது. 1889-ல திறந்தது, கல் வளைவுப் பாலம். இதுல பேரிங்கும் இல்ல, ரிங்கும் இல்ல. கல்லும் சாந்தும் ஒன்னை ஒன்னு அழுத்திப் பிடிச்சுத்தான் வளைவு நிக்குது. அதனால மேல சொன்ன கான்கிரீட் வைத்தியம் எதுவும் நேரா பொருந்தாது. இங்க பார்க்க வேண்டியது வேற: வளைவுல விரிசல், சாந்து உதிர்றது, பக்கச் சுவர் வெளியே தள்ளுறது, கல் இடுக்குல வேர் விடுற அரசமரக் கன்று, அஸ்திவாரத்தைச் சுத்தி அரிப்பு. சித்திரைத் திருவிழாவுல அழகர் ஆத்துல இறங்குற அன்னைக்கு அந்தப் பாலத்து மேலயும் பக்கத்துலயும் எவ்வளவு கூட்டம் நிக்குதுன்னு உங்களுக்கே தெரியும். மேலாப்ல வண்ணம் அடிக்கிறது, லைட் போடுறது பராமரிப்பு ஆகாது. அடியில போய்ப் பார்க்கிறதுதான் பராமரிப்பு.

கேட்கிற நாம என்ன செய்யலாம்?

மூணு விஷயம் சொல்லி முடிக்கிறேன். ஒன்னு, தினமும் போற பாலத்தை ஒரு நாள் கீழே இறங்கிப் பாருங்க. துருப்பிடிச்ச கம்பி வெளியே தெரியுதா, தூண்ல செடி முளைச்சிருக்கா, பேரிங் இருக்கிற இடத்துல குப்பையும் மண்ணும் அடைச்சிருக்கா? இருந்தா படம் எடுத்து, இடம் குறிச்சு நெடுஞ்சாலைத் துறைக்கோ மாநகராட்சிக்கோ மனு கொடுங்க. ரெண்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல ஒரு கேள்வி போடலாம்: இந்தப் பாலத்தைக் கடைசியா எப்போ ஆய்வு செஞ்சீங்க, அறிக்கையோட நகல் கொடுங்க. கோபமா கேட்க வேண்டாம், குறிப்பா கேளுங்க. மூணு, சிவில் படிக்கிற தம்பி தங்கச்சிங்களுக்கு: சாலைப் பாலங்களோட நிலநடுக்க வடிவமைப்புக்குன்னே 2018-ல ஐ.ஆர்.சி. எஸ்.பி. 114-ன்னு ஒரு வழிகாட்டி வந்திருக்கு. ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுறீங்கன்னா, உங்க ஊர்ப் பாலம் ஒன்னை எடுத்து அதை வெச்சுச் சோதிச்சுப் பாருங்க. துபாய் டவரை மாடல் பண்றதை விட இது உங்க ஊருக்கு உபயோகம்.

செங்கப்பா பாலத்துல எச்சரிக்கைக்கும் ஆபத்துக்கும் நடுவுல ரெண்டு வருஷத்துக்கு மேல நேரம் இருந்துச்சு. நம்ம பாலங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்குன்னு யாராலயும் தேதி போட்டுச் சொல்ல முடியாது. எந்தப் பாலம் வரிசையில முன்னாடி நிக்கணும்னு சொல்ல முடியும். அந்த வரிசை இருக்கான்னு கேட்கிற உரிமை வரி கட்டுற எல்லாருக்கும் இருக்கு.

உங்க ஊர்ப் பாலத்தைப் பத்தித் தெரிஞ்சதை எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம். பத்திரமா போயிட்டு வாங்க.